பதினேழாவது கூட்டம்

அந்தத் தரையில்தான் அன்று காலை அவள் வழுக்கி விழப் பார்த்தாள். கணவன் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருந்தான். ஒரு கையில் செருப்பும் மறு கையில் சாப்பாட்டுப் பையுமாகச் சுவரில் சாய்ந்து அவள் தப்பித்தாள். அதே தரை இப்போது அலுவலகத் திரையில், சின்னச் சின்னக் கட்டங்களில் வரிசையாக நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளிர்பச்சைக் கல் தரை. கடுகைக் கைநிறைய அள்ளி இறைத்தாற்போல் கறுப்புப் புள்ளிகள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய பித்தளைப் பட்டை. சுவரோரம் ஒரு சாண் உயரத்துக்குப் பழுப்பு வண்ணம். இடப்பக்கம் ஜன்னல், அதிலிருந்து சாய்ந்து விழும் வெளிச்சம். அந்தத் தரைமேல் ஒரு படத்தில் உடைந்த பூ ஜாடி, இன்னொன்றில் முகம் சிதறிய சுவர்க்கடிகாரம், மற்றொன்றில் கழுத்து ஒடிந்த நீலப் பீங்கான் விளக்கு. எல்லாமே வேறு வேறு ஆட்கள் கேட்ட நஷ்டஈடுகள்.

அவள் நாற்காலியைச் சற்று இழுத்துப் போட்டுத் திரையை முதுகால் மறைத்துக்கொண்டாள்.

பார்சலில் வரும் பொருள்களுக்குக் காப்பீடு தரும் கம்பெனி அது. வந்த பொருள் உடைந்திருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். அந்தப் படங்களை முதலில் பார்ப்பது மனிதர்கள் அல்ல. பயணத்தில் உடைந்ததா, வெறும் கீறலா, முன்பே உடைந்ததா என்று பிரித்துச் சொல்ல ஒரு நிரல் இருந்தது. அதை உருவாக்கியவன் பக்கத்து மேசைக்காரன். எதையும் விழுக்காட்டோடு முன்கூட்டியே சொல்வதால் அவனுக்கு ஜோசியர் என்று பெயர் நிலைத்துவிட்டது. விடை எழுதிய படங்களை மலைமலையாகக் காட்டித்தான் அந்த நிரலை அவன் பழக்கியிருந்தான். ஆரம்பத்தில் அது பிரமாதமாகத் தேறியது. பிறகுதான் தெரிந்தது, அது உடைசலைப் பார்க்கவே இல்லை. நேர்மையானவர்கள் பெரும்பாலும் வந்த அட்டைப்பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். ஆகவே அட்டைப்பெட்டி தெரிந்தால் உண்மை, தெரியாவிட்டால் பொய் என்று அது தானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தது. ஜோசியர் ஒரு வாரம் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவளுடைய வேலை வேறு. விடை எதுவும் சொல்லித்தராமல் படங்களைக் கொட்டி, ஒன்றுக்கொன்று ஒத்திருப்பவற்றைச் சேர்த்துக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கச் சொல்வது. உடைந்த பொருளை வெட்டி எடுத்துவிட்டுப் பின்னணியை மட்டும் நிரலுக்குத் தருவார்கள். ஏமாற்றுகிறவன் பொருளை மாற்றுவான், பெயரை மாற்றுவான், வீட்டை மாற்றமாட்டான். நிரல் கூட்டங்களுக்கு எண் மட்டும்தான் போடும். இது இன்ன கூட்டம் என்று பெயர் வைப்பது அவள் பொறுப்பு. பாரபட்சம் வந்துவிடக் கூடாதென்று, ஆளுக்கொரு எண் தெரியுமே தவிர, அனுப்பியவர்களின் பெயரும் முகவரியும் அவளுக்குக் காட்டப்படாது. ‘சந்தேகத்துக்குரியது’ என்று அவள் குறித்தால்தான் அந்த விவரங்கள் திறக்கும். திறந்தால் மேலாளருக்கும் தெரியும், விசாரணைப் பிரிவுக்கும் தெரியும்.

பதினேழாவது கூட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது?

“என்ன மேடம், ரொம்ப நேரமா பதினேழுலயே உட்கார்ந்திருக்கீங்க?” ஜோசியர் நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்துவிட்டான். “நல்ல மீனா மாட்டியிருக்கு போல.”

“வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கு. அதான் சேர்த்திருக்குன்னு நினைக்கிறேன்.”

“வெளிச்சமா? தரையைப் பாருங்க. ஒரே வீடு, ஒரே ஆளு. பல பேர்ல கேட்டிருக்கான். எங்கேயோ உடைசலைப் பொறுக்கிட்டு வந்து வரிசையா படம் புடிச்சிருக்கான். தொண்ணூறு விழுக்காடு நான் சொல்றேன்.”

“உங்க ஜோசியம்தான் ஊருக்கே தெரியுமே. அட்டைப்பெட்டிக்கு ராஜயோகம்னு சொன்னவர் நீங்கதானே.”

“அதை இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லிக் காட்டுவீங்க?” என்று சிரித்துக்கொண்டே அவன் திரும்பிப் போனான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உடைசலைப் பொறுக்கிட்டு வந்து என்று அவன் சொன்ன சொல் நெஞ்சில் முள்ளாய்த் தைத்து நின்றது.

ஏனென்றால் அவள் கணவன் உடைசல் பொறுக்குகிறவன்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டால் மாலையில் கூட்டிவரும்வரை பகல் முழுக்க அவனுக்குச் சொந்தம். பழைய வீட்டில் இருந்தபோது அந்தப் பகல்களில் தெருவில் கிடக்கும் மின்விசிறி, கால் போன ஸ்டூல், வாய் பேசாத ரேடியோ என்று எதையாவது தூக்கி வந்து ஒட்டிக்கொண்டிருப்பான். கட்டிலுக்கு அடியில் கைவிட்டால் ஏதாவது கையைக் கிழிக்கும். இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த அன்று, சாமான் இறக்கிய வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று, “இனிமே வீட்டுக்குள்ள ஒரு உடைசல் வந்தாலும் நான் வெளியில போயிடுவேன்” என்றாள் அவள். அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். அதற்குப் பிறகு வீடு கண்ணாடிபோல் இருந்தது. அப்போதெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருந்தது. இப்போது, பொறுக்கிய உடைசல்கள் எங்கே போகின்றன என்று கேட்கத் தோன்றியது.

அன்று மாலை அவன்தான் சமைத்திருந்தான். தட்டு வைத்துக்கொண்டே, “என்ன இன்ஸ்பெக்டர் அம்மா, இன்னிக்கு யாரையாச்சும் பிடிச்சீங்களா?” என்றான்.

தினமும் கேட்கும் கேள்விதான். தினமும் சிரிப்பாள்.

“பிடிக்கிற மாதிரி இருக்கு.”

அவன் கை ஒரு நொடி நின்றதா, அல்லது அப்படி அவளுக்குத் தோன்றியதா என்று தெரியவில்லை.

“பகல்ல என்ன பண்ணீங்க?”

“நானா? தூங்கினேன். வேறென்ன.”

காலையில் அவள் மடித்து வைத்த போர்வை மடிப்புக் கலையாமல் இருந்ததை அவள் வந்ததுமே பார்த்திருந்தாள்.

“விரல்ல என்ன, வெள்ளையா உரியுது?”

“அதுவா, பஸ்ல ஒரு கைப்பிடி கழண்டு வந்துடுச்சு. ஒட்டினேன்.” அவன் கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனான். பிறகு ரொம்பச் சாதாரணமாக, “நாளைக்கு எப்போ வருவே?” என்றான்.

“ஏன்?”

“சும்மா கேட்டேன். கேக்கக் கூடாதா?”

இந்தக் கேள்வியைச் சில வாரங்களாகவே அவன் தினமும் கேட்டுக்கொண்டிருந்தான். அன்பு என்றுதான் அதுவரை அவள் நினைத்திருந்தாள். அவன் போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. அது எப்போதும் கவிழ்ந்துதான் கிடக்கும். இருந்தாலும் அதுவும் இப்போது அவள் கணக்கில் சேர்ந்தது. ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்தால், அதற்குத் துணையாகப் பத்து விஷயங்கள் தாமாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கின்றன.

அவன் குளிக்கப் போனதும் தன் பாதத்தைப் படம் எடுப்பதுபோல் குனிந்து தரையைப் படம் எடுத்தாள். யாருக்காக நடிக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

மறுநாள் அந்தப் படத்தையும் மற்றப் படங்களோடு கலந்து நிரலிடம் கொடுத்தாள். எங்காவது ஒதுங்கிப் போ, வேறு கூட்டத்தில் போய் நில் என்று மனதுக்குள் கெஞ்சினாள். திரையில் ஒவ்வொரு படமும் ஒரு புள்ளி. பதினேழாவது கூட்டம் தனித் தீவுபோல் ஒரு மூலையில் இருந்தது. அவள் வீட்டுத் தரை அதன் ஓரத்தில்கூட விழவில்லை. நட்டநடுவில் போய் உட்கார்ந்தது.

இரண்டு வருஷமாகக் கூட வாழ்கிற மனிதர். பேருந்தில் பிள்ளைகள் மறந்துவிட்டுப் போகும் அழிரப்பரைக்கூட உரியவரைத் தேடித் திருப்பித் தருகிறவர். அவரா? அவர்தான் என்று படங்கள் சொல்லின.

குறித்துவிட்டால் எல்லாம் திறந்துவிடும். விசாரணை ஆட்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் வேலை அவருடையது. கையில் கறை என்று தெரிந்தால் ஒரு நாள் வைத்திருக்கமாட்டார்கள். குறிக்காவிட்டால் அவள் செய்யும் வேலைக்கு அவளே துரோகி. திரையில் அம்பை நகர்த்தி ‘சந்தேகத்துக்குரியது’ என்பதன்மேல் வைத்தாள். விரல் அழுத்த மறுத்தது. பக்கத்தில் இருந்த ‘தேவையற்றது’ என்பதை அழுத்தினாள். காரணம் கேட்டது. ‘வெளிச்ச ஒற்றுமை’ என்று எழுதினாள். பதினேழாவது கூட்டம் திரையிலிருந்து மறைந்தது.

மதிய இடைவேளையில் ஜோசியர் வந்து நின்றான். இந்த முறை நாற்காலியை உருட்டவில்லை.

“பதினேழை மூடிட்டீங்களா மேடம்?”

“மூடிட்டேன்.”

“அந்தத் தரை...”

“தரையில ஒண்ணுமில்ல. நான் பார்த்துட்டேன்.”

அவன் படங்களைப் பார்க்கிற மாதிரியே அவளைப் பார்த்தான். மூன்று வகையில் எந்த வகை என்று அவன் முடிவு செய்வதற்குள், தலைவலி என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு அவள் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் கணவன் இல்லை. பேருந்தில் கைப்பிடி ஒட்டுகிறாராக்கும் என்று கசப்பாக நினைத்துக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், துணி அலமாரியில் பார்த்தாள், கடைசியில் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணைத் திறந்தாள். குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால் ஒரு பழைய படுக்கை விரிப்பு எதையோ சுற்றிக்கொண்டு நின்றது. விலக்கினாள்.

நீலப் பீங்கான் விளக்கு. கழுத்தைச் சுற்றி வெள்ளை நூல்போலப் பசையின் கோடு.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கவும் இல்லை, அழவும் இல்லை. விளக்கைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்போது வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

உள்ளே வந்தது கணவன் அல்ல. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டபடி, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கையில் இவள் கணவனின் சாவிக்கொத்து. ஸ்டூல்மேல் நின்றவளைப் பார்த்ததும் பாட்டு நின்றது.

“ஐயோ, நீதானா தம்பி சம்சாரம்? ஆபீஸ்னு சொன்னாரே.”

“நீங்க யாரு? எங்க வீட்டுச் சாவி உங்ககிட்ட எப்படி வந்துச்சு?” திருட்டோடு இதுவுமா என்று மனம் ஒரே தாவலில் அடுத்த பள்ளத்தில் போய் விழுந்தது.

“பதறாதே கண்ணு. நான் மூணாம் மாடி. பசை தீந்து போச்சு, வீட்ல இன்னொண்ணு இருக்குன்னு தம்பி என்னை அனுப்பினாரு. அவரு கை ரெண்டும் வேலையா இருக்கு, விட்டா கழண்டு வந்துடும்.” அந்தப் பெண்ணின் பார்வை விளக்கில் விழுந்தது. முகம் மலர்ந்தது. “அட, என் விளக்கு. காஞ்சிடுச்சா? பாரேன், உத்துப் பாத்தாத்தான் கோடே தெரியுது.”

“உங்க விளக்கா?”

“என் விளக்குதான். பொண்ணுக்குன்னு ஆசையா வரவழைச்சேன், வரும்போதே கழுத்தொடிஞ்சு வந்துச்சு. காப்பீட்டுக்காரங்க ஈடு குடுத்துட்டாங்க, உடைஞ்சதை நீங்களே வச்சுக்கோங்கன்னும் சொல்லிட்டாங்க. குப்பையில போடப் போனேன், தம்பிதான் கையப் புடிச்சு வாங்கிக்கிட்டாரு. வா, நீயே வந்து பாரு. ஒரு கடையே போட்டிருக்காரு எங்க வீட்ல.”

அவள் அலுவலகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்; விளக்கையும் பசையையும் எடுத்துக்கொண்டு இருவரும் படியிறங்கினார்கள். குடிவந்து இத்தனை மாதத்தில் அவள் அந்தக் கட்டடத்தில் இன்னொரு வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. காலையில் போவாள், இருட்டியபின் வருவாள். பக்கத்துக் கதவில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது.

மூன்றாம் மாடிக் கதவு திறந்தது. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வெளிர்பச்சைக் கல். கடுகுப் புள்ளிகள். பித்தளைப் பட்டை. சுவரோரம் பழுப்பு. இடப்பக்க ஜன்னல்.

“அக்கா,” என்றாள் மெதுவாக, “இந்தத் தரை...”

“ஏன், வழுக்குதா? எல்லா வீட்லயும் இதே தரைதாம்மா. கட்டினவன் மொத்தமா வாங்கிப் போட்டுட்டான். ஈரமிருந்தா ஆளையே சாச்சிடும்.”

கூடத்தின் நடுவில் பழைய செய்தித்தாள் விரித்து அவள் கணவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பூ ஜாடியின் இரண்டு பாதிகளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். சுற்றிலும் கடிகாரம், தட்டு, புகைப்படச் சட்டம். அவளைப் பார்த்ததும், பிடிபட்ட பிள்ளைபோல் அவன் முகம் சுருங்கியது. கையை எடுக்க முடியாததால் எழவும் முடியவில்லை.

“சத்தியத்தை மீறிட்டேன்,” என்றான் அவசரமாக. “ஆனா யோசிச்சுப் பாரு, வீட்டுக்குள்ளதானே வரக்கூடாதுன்னு சொன்னே? இது அவங்க வீடு. அந்த விளக்கு மட்டும் காயறதுக்காக ரெண்டு நாள்... சரி, அது தப்புதான். திட்டு. ஆனா ஜாடி காயற வரைக்கும் மெதுவா திட்டு.”

“இவ்வளவும் எப்படி உடைஞ்சுது?”

“கீழ பார்சல் பெட்டி வச்சாங்களே, பார்த்ததில்லையா? ஆளுயரம். கொண்டு வர்றவங்க மேல இருக்கிற வாயில போட்டுட்டுப் போயிடறாங்க. அது நேரா அடியில போய் விழுது. மெத்தை இல்ல, ஒண்ணுமில்ல, வெறும் இரும்பு. எழுதிப் போட்டோம், ஒருத்தரும் வந்து பாக்கல. இந்தக் கட்டடத்துல தலையணையைத் தவிர எதுவும் முழுசா வந்ததில்ல.”

அக்கா சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. திரையில் பார்த்த தீவு கண்முன் வந்தது. ஒரே தரை என்று நிரல் சேர்த்தது சரிதான். ஒரே வீடு, ஒரே ஆள், ஒரே திருடன் என்று சொன்னது நிரல் அல்ல. குறித்திருந்தால் முகவரிகள் திறந்திருக்கும். மாடி மாடியாக, கதவு கதவாக, எல்லாம் ஒரு நொடியில் வெளிச்சமாகியிருக்கும்.

அக்கா அடுப்படிக்குள் போனதும் அவள் செய்தித்தாளின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். பதினேழை, பாதத்தை எடுப்பதுபோல் எடுத்த படத்தை, நட்டநடுவில் விழுந்த புள்ளியை. சொல்லச் சொல்ல அவன் முகத்திலிருந்த குறும்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“என்னைத் திருடன்னு நினைச்சே.”

“ஆமா.”

“கேட்டிருக்கலாமே.”

“கேட்டேன். தூங்கினேன்னு சொன்னீங்க. போர்வை மடிச்சபடியே இருந்துச்சு.”

அவன் ஜாடியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். “சரி, நினைச்சே. அப்புறம் என்ன பண்ணினே?”

“மூடிட்டேன். ஒண்ணுமில்லன்னு எழுதிட்டேன்.”

“பொய்யா எழுதினியா? நீயா?”

அவள் தலையாட்டினாள். கடைக்குப் போனால் மீதிச் சில்லறை அதிகம் வந்தது என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி நடப்பவள் அவள். அவன் ஜாடியின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திச் சரிசெய்தான். கோபமா, வேறு ஏதாவதா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவள் வேலையே பிரித்துப் பார்ப்பதுதான்.

“திறந்து வை,” என்றான் கடைசியில். “இப்பவே. அப்படியே கிடந்தா இந்தப் பெட்டியை யாரும் மாத்தப் போறதில்ல. யாராச்சும் ஒருத்தர் உன்னை மாதிரி உக்காந்து, இங்க இருக்கிறவங்க எல்லாரையும் திருடங்கன்னு சொல்லிடுவாங்க.”

“ஏன் மூடினேன்னு கேப்பாங்க. என்னை இந்த வேலையிலயே வைக்காம போகலாம்.”

“கேட்டா சொல்லு.”

அவள் ஜோசியருக்குப் போன் செய்தாள். பதினேழைத் திறக்கச் சொன்னாள். சந்தேகத்துக்குரியது என்று அவள் பெயரிலேயே குறிக்கச் சொன்னாள். மறுமுனையில் சற்று நேரம் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“மேடம், முகவரி எல்லாம் திறந்துடுச்சு. வேற வேற வீடு. ஆனா ஒரே கட்டடம்.” அவன் தயங்கினான். “இது நீங்க இருக்கிற கட்டடம் இல்லையா?”

“ஆமா. என் வீட்டுக்காரர்தான்னு நினைச்சேன். அதான் மூடினேன். நாளைக்கு வந்து மேலாளர்கிட்ட நானே சொல்றேன்.”

ஜோசியர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. “சீக்கிரமா வாங்க மேடம், நானும் கூட வர்றேன். தொண்ணூறு விழுக்காடு நானும்தான் சொன்னேன்,” என்றான்.

ஜாடி காய்ந்ததும் இருவரும் படியேறினார்கள். பள்ளி விடும் நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருந்தது. வழக்கமாக அவள் பையை வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே வருபவன், இன்று இரண்டு படி முன்னால் போனான். அந்த இரண்டு படி இடைவெளி தனக்குக் கிடைக்கவேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. நான்காம் மாடித் திருப்பத்தில் அவன் நின்றான்.

“நாளைக்கு மேலாளரைப் பாக்கப் போறப்ப நானும் வரேன். காலை டிரிப்பை முடிச்சிட்டு நேரா வந்துடறேன்.”

“நீங்க எதுக்கு?”

“திருடன் எப்படி இருப்பான்னு அவங்களும் பாக்கட்டும். படத்துல பாத்தா தெரியாது இல்ல.”

அவன் திரும்பிப் பார்க்காமலேதான் சொன்னான். குரலில் இன்னும் காயம் இருந்தது. ஆனால் கையைப் பின்னால் நீட்டியிருந்தான். அவள் பையைக் கொடுத்தாள். அவன் பையோடு சேர்த்து அவள் விரல்களையும் பிடித்துக்கொண்டு ஏறினான்.